விடியற்காலை 3:01-க்கு விழுந்த டிஸ்க்

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நாலைந்து ஹார்ட் டிஸ்க்கைக் கோத்து, ஃப்ரீபிஎஸ்டியோ லினக்ஸோ ஆபரேட்டிங் சிஸ்டமாகப் போட்டு, வீட்டிலேயே ஃபைல் சர்வர் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தொழில் ஒலிப்பதிவு எடிட்டிங். ஒரு வேலைக்கே நூற்றுக்கணக்கான ஜிபி சேர்ந்துவிடும் என்பதால் செகண்ட் ஹேண்டில் ஒரு பெட்டி வாங்கி, அதில் நாலு 8 டெராபைட் டிஸ்க்கைப் போட்டு, இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் ரெய்டு-இசட்1 என்ற முறையில் அமைத்திருந்தேன். நாலில் ஒன்று செத்தாலும் டேட்டா பிழைத்துக்கொள்ளும், இரண்டாவது போனால் எல்லாம் போச்சு, அதுதான் கணக்கு. சில வருஷம் ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் ஒருநாள் காலையில் சர்வர் அனுப்பும் தினசரி மெயிலில் பூலின், அதாவது நாலு டிஸ்க்கும் சேர்ந்த தொகுப்பின், நிலை ‘டிகிரேடட்’ (குறையோடு ஓடுகிறது) என்று வந்தது. அங்கே ஆரம்பித்த தலைவலியில் இரண்டு புது டிஸ்க்கின் விலை, கையில் இருந்த ஒரு வேலை, பல ராத்திரித் தூக்கம் எல்லாம் போயின. கடைசியில் பார்த்தால், போட்ட டிஸ்க்குகளில் ஒன்றுகூடக் கெட்டுப்போயிருக்கவில்லை.

முதல் நாள் ‘இசட்பூல் ஸ்டேட்டஸ்’ கட்டளை போட்டுப் பார்த்தபோது அடா2 என்ற டிஸ்க்குக்கு நேரே ‘ரிமூவ்டு’ என்று இருந்தது. நான் எதையும் கழற்றவில்லை, வீட்டில் வேறு யாரும் அந்தப் பெட்டியைத் தொடுவதும் இல்லை. ரீஸ்டார்ட் செய்தேன். டிஸ்க் நல்ல பிள்ளை மாதிரி திரும்பி வந்தது, விட்டுப்போன பகுதியை இசட்எஃப்எஸ் சில நிமிஷத்தில் சரிசெய்துகொண்டது. இரண்டொரு நாள் கழித்து அதே கதை. இந்த மாதிரி நேரத்தில் யாரைக் கேட்டாலும், எங்கே தேடினாலும் கிடைப்பது ஒரே பதில்: டிஸ்க் போய்விட்டது, மாற்று. சொல்கிறவர்கள் மேல் தப்பில்லை, பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் டிஸ்க் கெட்டதென்றால் அதற்கென்று சில அடையாளங்கள் உண்டு. அவை இருக்கின்றனவா என்று பார்க்கப் பத்து நிமிஷம் போதும் என்பதை யாரும் சொல்லவில்லை.

புது டிஸ்க் வாங்கி மாட்டினேன். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா போர்ட் ஒன்று காலியாக இருந்ததால் பழையதைக் கழற்றாமலே புதியதைச் சேர்த்து ‘இசட்பூல் ரீப்ளேஸ்’ கொடுத்தேன். யார் டிஸ்க் மாற்றினாலும், இடம் இருந்தால் இப்படியே செய்யுங்கள். பழைய டிஸ்க்கில் படிக்க முடிகிற பகுதியெல்லாம் ரீசில்வர், அதாவது புது டிஸ்க்கில் டேட்டாவை நிரப்பும் வேலை, முடியும் வரை உதவிக்கு நிற்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பித்தால் ரெய்டு-இசட்1-இல் அந்த நேரம் முழுவதும் ஒரு பாதுகாப்பும் இல்லாமல் ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். இன்னொன்று, கழற்றும்போது எந்த டிஸ்க்கைக் கழற்றுகிறோம் என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். அடா2, அடா3 என்ற எண்களை நம்பவே கூடாது, ஒரு டிஸ்க் பூட்டாகும்போது தெரியாமல் போனால் மற்றவற்றின் எண்கள் நகர்ந்துவிடும். லினக்ஸில் எஸ்டிஏ, எஸ்டிபி என்பதும் அப்படித்தான். லினக்ஸானால் ‘பை-ஐடி’ ஃபோல்டரில் உள்ள பெயர்களையும், ஃப்ரீபிஎஸ்டியானால் நாமே வைக்கும் பெயர்களான ஜிபிடி லேபிள்களையும் வைத்து பூலை அமைத்துக்கொள்ளுங்கள். சீரியல் நம்பரின் கடைசி நாலு எழுத்தை டிஸ்க்கின் வெளியே தெரிகிற ஓரத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு தேடும்போது அந்த நாலு எழுத்தின் அருமை தெரியும்.

ரீசில்வர் பாதிகூடத் தாண்டவில்லை. இத்தனை நாள் ஒழுங்காக இருந்த அடா3 காணாமல் போனது, அது போன சில நொடியில் அடா2-வும் புது டிஸ்க்கும் போயின. பூல் ‘சஸ்பெண்டட்’, அதாவது எல்லாம் அப்படியே நிறுத்திவைப்பு. கைகால் ஓடவில்லை என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஃபோல்டரைப் பட்டியலிடக் கட்டளை கொடுத்தால் அப்படியே நின்றுவிடும், கன்ட்ரோல்-சி அடித்தாலும் அசையாது. ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு வசதி உண்டு: கன்ட்ரோல் கீயோடு டைம் என்ற சொல்லில் வரும் டி-யை அழுத்தினால், அந்த புரோகிராம் எதற்காகக் காத்திருக்கிறது என்று ஒரே வரியில் காட்டும். அழுத்தினால் ‘இசட்ஐஓ’ என்று வந்தது, அதாவது டிஸ்க்கின் பதிலுக்குக் காத்திருக்கிறது. மறுபடி அழுத்தினாலும் அதே. ஸ்டேட்டஸில் ‘ஆக்‌ஷன்’ என்ற வரியில், டிஸ்க்குகள் சரியாக இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ‘இசட்பூல் கிளியர்’ கொடு என்று எழுதியிருந்தது. பதற்றத்தில் அந்த முதல் பாதி கண்ணில் படவே இல்லை. மெஷின் கொடுக்கும் அந்த வரி ஏதோ சம்பிரதாயத்துக்கு எழுதியதில்லை, நிறுத்தி நிதானமாகப் படித்தால் பாதி விடை அதிலேயே இருக்கும்.

ஒருவழியாக மெஷினை மூடித் திறந்து, ரீசில்வரைத் திரும்ப ஓடவிட்டு, அது முடிந்தபோது நிரந்தரப் பிழை என்று ஒரு பட்டியலை நீட்டியது. ‘இசட்பூல் ஸ்டேட்டஸ்’ கட்டளையோடு மைனஸ் வி சேர்த்தால் எந்தெந்த ஃபைல் போனது என்று பெயரோடு காட்டும். நல்ல வேளை, பெரும்பாலானவை வேறு இடத்தில் காப்பி இருந்தவை. ஆனால் அந்த வாரம் பதிவு செய்த ஒரு நீண்ட பேட்டி அதில் இருந்தது, அதை எங்கும் காப்பி எடுத்திருக்கவில்லை. பேசியவர் மறுபடி உட்கார நேரமில்லை என்றார், அந்த வேலையே வேறொருவர் கைக்குப் போனது. பணத்தைவிட அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அடா3-க்குப் பதிலாக இன்னொரு டிஸ்க் வாங்கினேன். வாரன்டியில் இருந்த அடா2-வை விற்றவருக்குத் திருப்பி அனுப்பினேன். அவர்கள் சோதித்துப் பார்த்து, குறை எதுவும் இல்லை என்று ஒரு சீட்டோடு அப்படியே அனுப்பிவைத்தார்கள். தட்டிக்கழிக்கிறார்கள் என்றுதான் முதலில் கோபம் வந்தது. வாங்கிய இரண்டாவது புது டிஸ்க்கும் மாட்டிய சில நாளில் ‘ரிமூவ்டு’ என்று காட்டியபோது கோபம் போய்ச் சந்தேகம் வந்தது. ஒரே பெட்டியில் நாலு டிஸ்க், அதுவும் வேறு வேறு சமயத்தில் வாங்கியவை, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மாதிரி சாகுமா? டிஸ்க்குகளுக்குப் பொதுவாக இருப்பது எது?

இந்த இடத்தில்தான், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் விவரங்களை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளை கொட்டும் எண்களில் முக்கால்வாசியைக் கண்டுகொள்ள வேண்டாம். சில தயாரிப்பாளர்களின் டிஸ்க்கில் 1 என்ற அடையாள எண் போட்ட ரீட் எரர் ரேட் வரியில் கோடிக்கணக்கில் எண் நிற்கும், பார்த்ததும் அடிவயிறு கலங்கும், ஆனால் அது அவர்கள் கணக்கு வைக்கும் முறை, பிழை எண்ணிக்கை இல்லை. டிஸ்க்கின் உடம்பு கெட்டிருக்கிறதா என்பதற்கு 5, 197, 198 என்ற எண் போட்ட மூன்று வரிகளைப் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள். 197, படிக்கத் திணறி முடிவு தெரியாமல் நிற்கும் செக்டர்கள். 198, டிஸ்க் தானாகச் சோதித்தபோது படிக்கவே முடியாதவை. இவற்றின் கடைசிப் பத்தியில் உள்ள எண் பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்தான் குற்றவாளி. 199 என்பது வேறு ஜாதி. டிஸ்க்கிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் வழியில் டேட்டா சிதைந்த தடவைகளை அது எண்ணுகிறது, பெரும்பாலும் சாட்டா கேபிள் அல்லது அதன் முனை. அந்த எண் ஒருபோதும் குறையாது, எப்போதோ இருந்த மோசமான கேபிளின் கணக்கும் அதிலேயே நிற்கும். அதனால் எவ்வளவு இருக்கிறது என்பது முக்கியமில்லை, இன்றைக்கும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

என் டிஸ்க் எல்லாவற்றிலும் 5, 197, 198 மூன்றும் பூஜ்யம். 199 அசையவில்லை. டிஸ்க்கின் உள்சோதனையை, அதாவது லாங் டெஸ்ட்டை, ஓடவிட்டேன். 8 டெராபைட்டுக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். இந்தச் சோதனைக்கு ஒரு விசேஷம் உண்டு, அது முழுக்க டிஸ்க்குக்குள்ளேயே நடக்கிறது, டேட்டா கேபிள், மதர்போர்டு, ஆபரேட்டிங் சிஸ்டம் எதற்கும் அதில் பங்கில்லை. அதில் பாஸாகிவிட்டு, வெளியே மட்டும் பிழை காட்டினால் கோளாறு பெரும்பாலும் டிஸ்க்குக்கு வெளியேதான். எல்லாமே பாஸ்.

அப்புறம் கண்ணில் பட்டது 12 என்ற எண் போட்ட வரி, பவர் சைக்கிள் கவுன்ட். டிஸ்க்குக்கு எத்தனை முறை கரன்ட் போய் வந்தது என்ற கணக்கு. சர்வரோ மாதக்கணக்கில் நிற்காமல் ஓடுவது, ‘அப்டைம்’ கட்டளை அதைச் சொல்லிவிடும். ஆகவே நாலு டிஸ்க்கிலும் இந்த எண் மெஷினை மூடித் திறந்த அளவுக்குத்தான் ஏறியிருக்க வேண்டும். ஆனால் ஒரு டிஸ்க் ‘ரிமூவ்டு’ ஆகும் ஒவ்வொரு முறையும், மெஷின் ஓடிக்கொண்டே இருக்க, அந்த டிஸ்க்கில் மட்டும் 12 ஒன்று ஏறியிருந்தது. கூடவே 192-ம் ஏறியிருந்தது. கரன்ட் திடீரென்று போகும்போது டிஸ்க் தன் ஹெட்டை அவசரமாக இழுத்து ஓரத்தில் வைக்கும், அந்த அவசரங்களின் எண்ணிக்கை அது. 4 என்ற எண் போட்ட ஸ்டார்ட்-ஸ்டாப் கவுன்ட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், டிஸ்க் சும்மா தூங்கி எழுந்தாலே அது ஏறும். ஆக, என் டிஸ்க்குகள் சாகவில்லை. யாரோ அவற்றின் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுகிற மாதிரி கரன்ட் போய் வந்துகொண்டிருந்தது.

எப்போது போகிறது என்று பார்க்க சிஸ்டம் லாக்கில் ‘டிட்டாச்டு’ என்ற சொல்லைத் தேடினேன், சுருக்கி வைக்கப்பட்ட பழைய லாக்குகளிலும் சேர்த்து. வந்த வரிகளின் நேரத்தை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதினேன். 03:01, 03:02, 03:01, நடுவே எப்போதோ ஒரு மதிய நேரம், மறுபடி 03:01. ஃப்ரீபிஎஸ்டியில் தினசரிப் பராமரிப்பு வேலை விடியற்காலை 3:01-க்குக் கிளம்பும், எந்த வேலை எந்த நேரத்துக்கு ஓட வேண்டும் என்று குறித்திருக்கும் க்ரான்டாப் ஃபைலில் அப்படித்தான் எழுதியிருக்கும். பாதுகாப்புச் சோதனைக்காக அது ஃபைல் சிஸ்டம் முழுவதையும் துழாவும். கரன்ட் மிச்சமாகட்டும் என்று, யாரும் தொடாதபோது டிஸ்க்குகள் தூங்கும்படி அமைத்திருந்தேன். ராத்திரி முழுக்கத் தூங்கிய நாலு டிஸ்க்கும் 3:01-க்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத் துள்ளி எழும். 3.5 இன்ச் டிஸ்க் நின்ற நிலையிலிருந்து சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில நொடியில் 12 வோல்ட் லைனில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நாலும் சேர்ந்தால் 8 ஆம்பியர்.

பெட்டியைத் திறந்தேன். பவர் சப்ளையிலிருந்து வந்த ஒரே ஒரு சாட்டா பிளக்கில் ஒரு ஸ்பிளிட்டரைச் செருகி, அதிலிருந்து எல்லா டிஸ்க்குக்கும் பிரித்துப் பெட்டியை அடுக்கிய புண்ணியவான் கொடுத்திருந்தார். கேபிள்களை அழகாகக் கட்டி, டிஸ்க் கூண்டுக்குப் பின்னால் மறைத்தும் வைத்திருந்தார். சாட்டா பவர் பிளக்கில் 15 பின்கள், அதில் 12 வோல்ட்டுக்கு மூன்று, பின் ஒன்றுக்கு 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தம் 4.5. அதன் வழியே எட்டு போக வேண்டியிருந்தது. கழற்றிப் பார்த்தபோது ஒரு ஓரத்தில், சரியாக 12 வோல்ட் பின்கள் இருக்கும் பக்கத்தில், கறுப்பு பிளாஸ்டிக் பளபளப்பு போய்ப் பழுப்பேறி லேசாகக் குழைந்திருந்தது. நகத்தால் கீறினால் பொடியாக வந்தது. மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாடை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் டேட்டாவைப் பற்றிக் கவலைப்படுவதற்கு வீடு இருந்திருக்குமா என்று தெரியாது.

சில வருஷம் தாங்கியது ஏன் இப்போது விழுந்தது என்பதற்கும் பதில் அந்தப் பழுப்பில் இருக்கிறது. அளவுக்கு மீறிய கரன்ட் போகும்போதெல்லாம் பின்கள் சூடேறும், சூட்டில் பிடிப்பு தளரும், தளர்ந்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும், கூடினால் இன்னும் சூடு. ஒரு கட்டத்துக்குமேல் டிஸ்க்குக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் சட்டென்று இறங்கி, அந்த நேரத்தில் எது பலவீனமாக மாட்டியிருக்கிறதோ அது ரீசெட் ஆகிவிடும். அதனால்தான் ஒருநாள் அடா2, ஒருநாள் அடா3. புது டிஸ்க்குகள் விழுந்ததும் அதே கேபிளில் மாட்டியதால்தான். மணிக்கணக்கில் எல்லா டிஸ்க்கையும் ஓட்டும் ரீசில்வரின்போது, அந்த அரைகுறைப் பிடிப்பு தூக்கத்திலிருந்து எழும் சுமை இல்லாமலேயே கைவிட்டுவிட்டது.

ஸ்பிளிட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு, பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் இரண்டு தனித்தனிக் கேபிள்களில் இரண்டிரண்டு டிஸ்க்காகப் பிரித்து மாட்டினேன். ஸ்பிளிட்டர் தவிர்க்கவே முடியாது என்றால், பழைய நாலு பின் மோலெக்ஸ் முனையிலிருந்து பிரிப்பதை வாங்குங்கள், அந்தப் பெரிய பின்கள் சாட்டா பின்களைவிடப் பல மடங்கு தாங்கும். அதிலும் சாட்டா முனை ஒரே பிளாஸ்டிக் கட்டியாக வார்த்ததாக இருக்கக் கூடாது, வயர்களைத் தனித்தனியாகச் செருகிய முனையாக இருக்க வேண்டும். வார்த்த முனைகளுக்குள் வயர்கள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடிப்பது தெரிந்த விஷயம். டிஸ்க் தூங்குவதையும் நிறுத்திவிட்டேன்.

இதே நிலைமை லினக்ஸில் வேறு முகத்தோடு வரும். ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளைக்கு மைனஸ் கே கொடுத்துக் கர்னல் செய்திகளைப் பார்த்தால் ‘ஹார்டு ரீசெட்டிங் லிங்க்’, ‘சாட்டா லிங்க் டவுன்’ என்ற வரிகள் தெரியும். கூடவே ‘பேட்-சிஆர்சி’ என்று இருந்தால் கேபிளைப் பாருங்கள். ‘யுஎன்சி’ என்று இருந்தால் டிஸ்க்கின் தட்டிலேயே படிக்க முடியாத இடம் இருக்கிறது. இரண்டும் இல்லாமல் லிங்க் மட்டும் விழுந்து விழுந்து எழுந்தால் பவரைச் சந்தேகப்படுங்கள். எல்லா டிஸ்க்கிலும் ஏறக்குறைய சமமாகச் செக்சம் பிழை (படித்த டேட்டா எழுதியதோடு ஒத்துப்போகாத பிழை) மட்டும் ஏறி, ரீட், ரைட் பிழைகள் பூஜ்யமாக இருந்தால் ரேம் அல்லது கன்ட்ரோலர் பக்கம் போக வேண்டும், மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓடவிட்டால் ரேம் பற்றித் தெரிந்துவிடும். நானும் ஓட்டினேன், என் ரேம் சுத்தம். எது என்று பிடிபடாவிட்டால் நல்ல டிஸ்க்கின் கேபிளையும் கெட்ட டிஸ்க்கின் கேபிளையும் மாற்றி மாட்டி, பிழை டிஸ்க்கோடு போகிறதா, கேபிளோடு நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். கேபிள், போர்ட், பவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் பிழை நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது.

ரீஸ்டார்ட் செய்யும் முன், ‘கிளியர்’ கொடுக்கும் முன், ஸ்டேட்டஸ், கர்னல் செய்திகள், ஒவ்வொரு டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரம் மூன்றையும் ஃபைலாகச் சேமித்து வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். ‘கிளியர்’ கொடுத்ததும் பூலின் பிழைக் கணக்கு பூஜ்யமாகிவிடும், தடயம் போய்விடும். என் ஆபரேட்டிங் சிஸ்டம் தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டியில் இருந்தது, அதனால் பூல் உறைந்துபோன ராத்திரியிலும் லாக் எழுதப்பட்டுக்கொண்டே இருந்தது. லாக்கும் அதே பூலில் இருந்திருந்தால் மிக முக்கியமான வரிகளை எழுத இடமே இருந்திருக்காது.

டிஸ்க் உண்மையிலேயே சாகிறது என்று தெரிந்தால், அதாவது 197 ஏறுகிறது என்றால், வழி வேறு. அதன்மேல் எந்தப் பழுதுபார்ப்பையும் ஓட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் சாகக்கிடந்த யுஎஸ்பி டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே கட்டளைக்கு எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ கொடுத்து ஓடவிட்டார். அது டிஸ்க்கிலேயே எழுதித் திருத்தும் கருவி. ஃபைல்கள் பெயரிழந்து, வெறும் எண்களாக ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ ஃபோல்டரில் குவிந்தன. முதலில் க்னூ டிடிரெஸ்க்யூ என்ற கருவியைக் கொண்டு இன்னொரு டிஸ்க்குக்கு முழுப் பிரதி எடுங்கள். சுலபமாகப் படிக்க முடிவதை முதல் சுற்றில் அள்ளிக்கொண்டு, கஷ்டமான இடங்களை அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்கும். எதுவரை படித்தது என்று அது குறித்துவைக்கும் மேப் ஃபைலின் பெயரைக் கட்டாயம் கொடுங்கள், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பழுதுபார்ப்பதெல்லாம் பிரதியின்மேல். இசட்எஃப்எஸ்ஸுக்கு எஃப்எஸ்சிகே என்று ஒன்று கிடையவே கிடையாது, அதன் வேலையில் ஒரு பகுதியை, பூலில் உள்ள டேட்டா எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் செய்கிறது. ஆனால் சாகும் டிஸ்க்கை ஸ்க்ரப்பில் வாட்டுவதும் நல்லதல்ல.

கேபிள் மாற்றிய பிறகு, சிதைந்த ஃபைல்களை அழித்தும் அந்தப் பட்டியல் போகவில்லை, பெயர் இருந்த இடத்தில் புரியாத எண்கள் நின்றன. இதைப் பார்த்து மறுபடி பயப்பட வேண்டாம். பூலின் பழைய நிலையை அப்படியே பிடித்துவைத்த ஸ்னாப்ஷாட்டுகளில் அதே ஃபைல் இருந்தால் அதையும் அழித்துவிட்டு ஸ்க்ரப் ஓட்ட வேண்டும், சில சமயம் இரண்டு தடவை. இரண்டாவது ஸ்க்ரப் முடிந்தபோது பட்டியல் காலி. ஸ்மார்ட்டின் 12-ம் எண் வரியை தினசரி மெயிலிலேயே வரும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். டிஸ்க்குகளைத் தூங்கவிடுபவர்கள் அந்த ஸ்மார்ட் கட்டளையில் ‘மைனஸ் என் ஸ்டாண்ட்பை’ என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நலம் விசாரிக்கப் போய்த் தூங்குகிற டிஸ்க்கை எழுப்பிவிடுவீர்கள். திரும்பி வந்த அடா2-வில் இப்போது ஒவ்வொரு நாள் பதிவும் அன்றைக்கே காப்பியாகிறது, காப்பி முடிந்ததும் அதைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுகிறேன்.